சென்னை – யாழ்ப்பாணம்: வான்வழித் தொலைவும் பயண நேரத்தின் வரலாறும்

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் உள்ள வான்வழித் தொலைவு சுமார் 355 கிலோமீட்டர். இன்று இத்தடத்தில் செல்லும் ஏடிஆர் 72 வகை விமானம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் இதைக் கடக்கிறது. 1947-ல் ஒரு டகோட்டா விமானம் இதே தொலைவைக் கடக்க இதைவிட அரைமணி நேரம் கூடுதலாக எடுத்திருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் இவ்விரண்டு காலங்களுக்கும் நடுவே சுமார் நாற்பது ஆண்டுகள் இத்தடத்தில் பயணிகள் விமானமே இல்லை. அந்த நாற்பது ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வர ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ஒரு நாள் ஆகலாம், ஒரு வாரம் ஆகலாம், வந்து சேராமலும் போகலாம். தொலைவு மாறாமலிருக்கப் பயண நேரம் மட்டும் எப்படி மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வரைபடத்தில் இரு நகரங்கள்

சென்னை விமான நிலையம் ஏறத்தாழ வடக்கு 12.99 பாகை அகலாங்கிலும் கிழக்கு 80.17 பாகை நெட்டாங்கிலும் உள்ளது. பலாலி வடக்கு 9.79 பாகையிலும் கிழக்கு 80.07 பாகையிலும் உள்ளது. நெட்டாங்குகளுக்கு இடையே பத்தில் ஒரு பாகைதான் வேறுபாடு. அதாவது யாழ்ப்பாணம் சென்னைக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது. இதனால் தொலைவைக் கணக்கிடுவதும் எளிது. ஓர் அகலாங்குப் பாகை சுமார் 111 கிலோமீட்டர். இரு இடங்களின் அகலாங்கு வேறுபாடு 3.2 பாகை. இரண்டையும் பெருக்கினால் 355 கிலோமீட்டர் வருகிறது. கோள முக்கோணவியல் தெரியாத எட்டாம் வகுப்பு மாணவரும் இதைச் செய்துபார்க்கலாம்.

பள்ளி நிலப்படங்களில் இந்தியா ஒரு பக்கத்திலும் இலங்கை வேறொரு பக்கத்திலும் இருப்பதால் இந்த அண்மை பலருக்குத் தெரிவதில்லை. சென்னையிலிருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர், கோயம்புத்தூர் சுமார் 405 கிலோமீட்டர். யாழ்ப்பாணம் இவ்விரண்டையும்விட அருகில் உள்ளது. மதுரையும் பலாலியும் ஏறக்குறைய ஒரே அகலாங்கில் இருப்பதும் கவனிக்கத்தக்கது. திருச்சியிலிருந்து பார்த்தால் யாழ்ப்பாணம் இன்னும் நெருக்கம், 185 கிலோமீட்டர் அளவுதான். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கடல் தொலைவு சுமார் 110 கிலோமீட்டர்.

படத்தில் இரு நிலையங்களையும் ஒரு கோட்டால் இணைத்தால் அது மாமல்லபுரம், கல்பாக்கம் வரை கரையை ஒட்டிச் செல்லும். அதற்குத் தெற்கே கரை மேற்கு நோக்கி விலகுவதால் கோடு கடல்மேல் போய்விடும். புதுச்சேரி, காரைக்கால், நாகை, கோடிக்கரை எல்லாம் அதன் வலப்புறத்தில் நிற்கும். பிறகு பாக்குநீரிணை, அதைக் கடந்ததும் குடாநாட்டின் வடகரை. பலாலி அந்தக் கரையை அடுத்தே உள்ளது. அதாவது விமானம் கரையைத் தொட்ட சில நொடிகளில் ஓடுபாதையும் வந்துவிடுகிறது.

விமானத்துக்கு முன்

இரு கரைக்கும் இடையே போக்குவரத்து விமானத்தால் தொடங்கியதல்ல. வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, காங்கேசன்துறை ஆகிய துறைகளிலிருந்து பாய்க்கப்பல்களும் வள்ளங்களும் நாகை, வேதாரணியம் பக்கத்துத் துறைகளுக்கு இடையறாது ஓடின. ஆறுமுக நாவலர் 1849-ல் அச்சு இயந்திரம் வாங்கச் சென்னைக்கு வந்தார். அந்தப் பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவருக்கு நாவலர் என்ற பட்டம் கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரும் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவருமான சி. வை. தாமோதரம்பிள்ளை யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியைச் சேர்ந்தவர். அச்சு, கல்வி, சமயம் ஆகிய மூன்றிலும் 19-ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தார் நோக்கிய பெருநகரம் கொழும்பு மட்டுமல்ல, சென்னையும்தான்.

1914-ல் நிலைமை மாறியது. அவ்வாண்டு பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மார்ச் மாதம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 35 கிலோமீட்டர் கடலைக் கடக்கும் நீராவிக் கப்பல் சேவை தொடங்கியது. எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் மீண்டும் ரயில் ஏறும் இந்தப் பயணத்தை மக்கள் 'போட் மெயில்' என்றே அழைத்தனர். முதல் நாள் மாலை சென்னையில் புறப்பட்டவர் மறுநாள் பிற்பகலில் கடலைக் கண்டு, அதற்கு மறுநாள் காலை கொழும்பில் இறங்கலாம்.

யாழ்ப்பாணத்துக்குப் போகிறவருக்கு இதில் ஒரு சங்கடம் இருந்தது. தலைமன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் எழுபது கிலோமீட்டர்தான். ஆனால் ரயில் பாதை தென்கிழக்கே மதவாச்சிச் சந்திப்பு வரை இறங்கியது. அங்கே வண்டி மாறி மறுபடி வடக்கே வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு வழியாக ஏறவேண்டும். கொழும்பை மையமாக வைத்து அமைத்த பாதை என்பதால் வடக்கே போகிறவரும் முதலில் தெற்கே போகவேண்டியிருந்தது. பின்னாளில் விமானப் பயணிக்கும் இதே சுற்று வேறொரு வடிவில் வந்து சேர்ந்தது.

எல்லாருக்கும் போட் மெயிலின் நேரம் ஒன்றாகவும் இருக்கவில்லை. மலையகத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர்கள் மண்டபத்தில் இருந்த முகாமில் நோய்த்தடுப்புக்காகச் சில நாட்கள் தனிமைப்படுத்தப்பட்ட பிறகே கப்பலுக்கு அனுப்பப்பட்டனர். அதே ரயிலில் வந்த முதல் வகுப்புப் பயணி ஒன்றரை நாளில் கடந்த வழியை அவர்கள் கடக்க ஒரு வாரம்கூட ஆனது. இந்த மண்டபம் முகாம் பிற்காலத்தில் எதிர்த்திசையில் வந்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்கும் முதல் தங்குமிடமாயிற்று.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற ரயில் பயணிகளுடன் கடலில் மூழ்கியது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. 1980-களின் நடுவில் உள்நாட்டுப் போர் அதையும் நிறுத்தியது.

டகோட்டா காலம்

1932-ல் கராச்சியிலிருந்து சென்னைக்குத் தபால் விமானம் பறக்கத் தொடங்கியது. கராச்சி–பம்பாய் பகுதியை ஜே. ஆர். டி. டாட்டாவும், பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னை வரையிலான பகுதியை நெவில் வின்சென்ட்டும் ஓட்டினர். 1938-ல் அத்தடம் கொழும்புக்கு நீண்டது. அதற்கு முன்பே, 1935 நவம்பரில், கொழும்பை அடுத்த இரத்மலானையில் புதிதாக அமைத்த விமான நிலையத்தில் முதன்முதலாக வந்திறங்கியதும் சென்னை விமானப் பயிற்சிக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஓட்டிவந்த சிறுவிமானம்தான்.

பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் வான்படை அமைத்தது. காங்கேசன்துறைத் தளம் என்ற பெயரே அன்று வழங்கியது. போர் முடிந்ததும் அது பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. இலங்கை அரசு தொடங்கிய ஏர் சிலோன் நிறுவனத்திடம் முதலில் இருந்தவை மூன்று டிசி-3 டகோட்டா விமானங்கள். அவற்றுக்குச் சீதா தேவி, விகாரமகா தேவி, சுநேத்ரா தேவி என்று பெயரிட்டிருந்தனர். 1947 டிசம்பர் 10-ஆம் நாள் அந்நிறுவனத்தின் முதல் சேவை இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குச் சென்றது. இலங்கையின் சொந்த விமான நிறுவனம் தன் முதல் பயணத்திலேயே யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் இணைத்தது என்பதை இன்று நினைவுகூர்வோர் குறைவு. இலங்கை விடுதலை பெற இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன.

பயணத் தடமாக இது இயற்கையாக அமைந்ததும்கூட. கொழும்பிலிருந்து சென்னைக்கு நேர்கோடு போட்டால் அது யாழ்ப்பாணத்தை ஒட்டியே போகும். வழியில் இறங்குவதால் விமானத்துக்குச் சுற்று எதுவும் இல்லை. மதவாச்சி ரயில் பயணிக்குக் கிடைக்காத நேர்வழி விமானப் பயணிக்குக் கிடைத்தது. மாணவர்கள், வணிகர்கள், சென்னை மருத்துவமனைகளுக்குச் செல்லும் நோயாளிகள், சிதம்பரத் திருவிழாவுக்குப் போகும் அடியவர்கள், கச்சேரிக்கு அழைக்கப்பட்ட நாதஸ்வர வித்துவான்கள் என இரு திசையிலும் போக்குவரத்துக்குக் காரணங்கள் இருந்தன. கட்டணம் எல்லாருக்கும் எட்டியதல்ல. பெரும்பாலோர் கப்பலையும் ரயிலையுமே நம்பினர்.

பறக்கும் நேரம் என்பது எது?

இங்கே ஒரு கணக்கைத் தெளிவுபடுத்துவது நல்லது. டகோட்டா மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் பறக்கும். ஏடிஆர் 72 மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறக்கும். வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. அப்படியானால் பயண நேரம் பாதியாகியிருக்க வேண்டும் அல்லவா?

ஆகவில்லை. 355 கிலோமீட்டரை 500 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 43 நிமிடம் போதும். ஆனால் கால அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை போட்டிருப்பார்கள். அட்டவணை நேரம் என்பது விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல், சென்ற ஊரில் நிற்குமிடத்தை அடைந்து சக்கரம் நிற்பது வரை உள்ள மொத்த நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, வரிசையில் காத்திருப்பது, மேலேறுவது, இறங்குவது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் செல்வதில்லை. சென்னை போன்ற நெருக்கடியான நிலையத்தில் தரையிலேயே கால் மணி நேரம் போய்விடும். எனவே குறுந்தொலைவுப் பயணத்தில் வேகமான விமானத்தால் கிடைக்கும் ஆதாயம் மிகக் குறைவு. இதே கணக்கில் டகோட்டாவின் பயணம் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்திருக்கும். எழுபது ஆண்டு விமானத் தொழில்நுட்ப வளர்ச்சி இத்தடத்துப் பயணிக்கு மிச்சப்படுத்தியது அரைமணி நேரத்துக்கு மேல் இராது.

காற்றும் சிறிது விளையாடும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே போகும் விமானத்துக்குக் காற்று ஓரளவு துணை, திரும்பும்போது எதிர். இவ்வளவு குறைந்த தொலைவில் அது சில நிமிட வேறுபாடுதான்.

தடம் அறுந்தது

1970-களின் இறுதியில் இந்த நேரடிச் சேவை நின்றது. 1978 செப்டம்பர் 7-ஆம் நாள் இரத்மலானையில் நின்றிருந்த ஏர் சிலோனின் ஆவ்ரோ 748 விமானம் குண்டுவெடிப்பில் அழிந்தது. உயிரிழப்பு இல்லை. விடுதலைப் புலிகள் அதற்குப் பொறுப்பேற்றனர். ஏற்கெனவே நலிந்திருந்த ஏர் சிலோன் விரைவில் மூடப்பட்டது. அதற்குப் பதிலாக 1979 செப்டம்பரில் ஏர் லங்கா தொடங்கியது. புதிய நிறுவனத்தின் பன்னாட்டுச் சேவைகள் கொழும்புக்கு வடக்கே கட்டுநாயக்கவில் உள்ள பெரிய நிலையத்திலிருந்து நடந்தன. சென்னைக்கு விமானம் இருந்தது, யாழ்ப்பாணத்திலிருந்து இல்லை. 1983 ஜூலை வன்முறைக்குப் பின் போர் மூண்டது.

அதன்பின்னும் இந்தியாவிலிருந்து விமானங்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தன, ஆனால் பயணிகளை ஏற்றிக்கொண்டு அல்ல. 1987 ஜூன் 4-ஆம் நாள் பெங்களூரிலிருந்து புறப்பட்ட இந்திய வான்படையின் ஐந்து ஏஎன்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலுடன் குடாநாட்டின்மேல் பறந்து உணவுப் பொருள்களைப் போட்டுச் சென்றன. 'பூமாலை' என்பது அந்த நடவடிக்கையின் பெயர். ஜூலை 29-ல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதும் இந்திய அமைதிப்படை வீரர்கள் விமானம் விமானமாகப் பலாலியில் வந்திறங்கினர். 1990 மார்ச் வரை அப்படை இலங்கையில் இருந்தது. அந்தக் காலத்தில் பலாலி ஓடுபாதை முன்னெப்போதையும்விட மும்முரமாக இயங்கியது. ஓடுபாதைக்கு அருகே வாழ்ந்த ஒரு குடும்பம் சென்னைக்குப் போக நினைத்தால் மட்டும் அங்கே அவர்களுக்கு விமானம் இல்லை.

1990 ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் மீண்டும் போர் தொடங்கியது. பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு ஊர்களின் மக்கள் வெளியேறினர். மயிலிட்டி, தையிட்டி, பலாலி, காங்கேசன்துறை முதலிய ஊர்கள் உயர்பாதுகாப்பு வலயமாயின. வீடுகளும் பள்ளிகளும் கோயில்களும் செம்மண் தோட்டங்களும் வேலிக்குள் அடைபட்டன.

கொழும்பைச் சுற்றி

நேரடி விமானம் இல்லாத ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு எப்படி வந்தார்? அமைதியான நாட்களில் விடை எளிது. முதலில் தெற்கே கொழும்புக்கு, ஏ9 வீதியில் சுமார் 400 கிலோமீட்டர். பிறகு கட்டுநாயக்கவிலிருந்து வடக்கே சென்னைக்கு, வானில் சுமார் 650 கிலோமீட்டர். 355 கிலோமீட்டர் போகவேண்டியவர் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தார். கட்டுநாயக்கவிலிருந்து ஏறிய விமானம் ஏறத்தாழ அரைமணி நேரத்தில் அவர் புறப்பட்ட ஊருக்கு நேர் மேலேயோ சற்றுத் தள்ளியோ பறந்து செல்லும். மேகமில்லாத நாளில் சன்னலோரம் இருந்தால், முந்தின மாலை பேருந்து ஏறிய குடாநாட்டை அவரால் கீழே பார்க்க முடியும்.

அமைதி இல்லாத நாட்களில் விடை இவ்வளவு எளிதல்ல. 1956 முதல் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் ஓடிய யாழ்தேவி ரயில் 1990-ல் நின்றுபோனது. ஆனையிறவிலும் பூநகரியிலும் படைமுகாம்கள் வழியை மறித்ததால், 1990-களின் முற்பகுதியில் குடாநாட்டிலிருந்து வெளியேற இருந்த ஒரே வழி கிளாலிக் கடல்நீரேரி. இரவில், விளக்கில்லாமல், சிறு படகுகளில் மக்கள் அதைக் கடந்தனர். 1993 ஜனவரியில் கடற்படைத் தாக்குதலில் அங்கே பலர் கொல்லப்பட்டனர். தப்பிக் கரையேறியவர்கள் மிதிவண்டியிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் வன்னியைக் கடந்து, வவுனியாவுக்கு வடக்கே சோதனைச்சாவடியில் காத்துக்கிடந்தனர். வெளியேறப் புலிகளிடமும் பாஸ் எடுக்கவேண்டும், உள்ளே வரப் படையினரிடமும் அனுமதி வாங்கவேண்டும். சில கிலோமீட்டர் பயணம் ஓர் இரவைத் தின்ற காலம் அது. அதற்குப் பிறகு கொழும்பு, கடவுச்சீட்டு, விசா, விமானம்.

1995 இறுதியில் யாழ்ப்பாண நகரம் அரச படையினர் வசமானது. வன்னி வழி அடைபட்டிருந்ததால் குடாநாட்டுக்குக் கப்பலும் விமானமும்தான் மிஞ்சின. பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையே தனியார் விமானங்கள் பொதுமக்களை ஏற்றின. ஒரு மணி நேரப் பயணம். 1998 செப்டம்பர் 29-ஆம் நாள் பலாலியில் புறப்பட்ட லயன் ஏர் நிறுவனத்தின் அன்டனோவ் விமானம் மன்னார்க் கடலுக்கு மேலே காணாமல் போயிற்று. அதில் இருந்த 55 பேரும் இறந்தனர். பயணிகள் அனைவரும் ஏறக்குறையத் தமிழர்களே. புலிகளின் ஏவுகணை தாக்கி அது வீழ்ந்ததாகப் பிந்தைய விசாரணைகள் கூறின. கடலடியிலிருந்து சிதைவுகள் மீட்கப்பட 2012 வரை ஆனது. 2014 தொடக்கத்தில், மீட்கப்பட்ட உடைகளும் பொருள்களும் உறவினர்கள் அடையாளம் காண்பதற்காக யாழ்ப்பாணத்தில் வைக்கப்பட்டன.

2002-ல் போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பின் ஏ9 திறந்தது. 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது. 2009-ல் போர் முடிந்த பிறகே நிலையாகத் திறந்தது. யாழ்தேவி 2014 அக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது, 2015 ஜனவரியில் காங்கேசன்துறையைத் தொட்டது. பாதைகள் வந்தபின்னும் சென்னைப் பயணத்தின் சுற்று மாறவில்லை. இரவுப் பேருந்தில் எட்டு முதல் பத்து மணி நேரம், விமான நிலையத்தில் மூன்று மணி நேரம், வானில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். சென்னையில் அறுவை சிகிச்சைக்குப் போகும் நோயாளியும் இதையே செய்தாக வேண்டியிருந்தது.

கடிகாரத்தில் ஓர் அரைமணி நேரம்

பழைய விமான அட்டவணைகளைப் பார்க்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இலங்கையும் இந்தியாவும் இன்று ஒரே நேரத்தைப் பின்பற்றுகின்றன. 1996 முதல் 2006 வரை அப்படி இல்லை. மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1996 மே மாதம் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அதை அரைமணியாகக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. எனவே அக்காலத்து அட்டவணையில் சென்னையிலிருந்து கொழும்புக்கு இரண்டு மணி நேரம் போலவும், கொழும்பிலிருந்து சென்னைக்கு ஒரு மணி நேரம் போலவும் தோன்றும். காற்றோ விமானமோ அதற்குக் காரணமல்ல.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிப் பகுதி இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. பழைய நேரத்தையே வைத்துக்கொண்டது. ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்தால் கடிகாரத்தை அரைமணி நேரம் பின்னே வைக்கவேண்டும், முகமாலையில் குடாநாட்டுக்குள் நுழைந்தால் மறுபடி முன்னே தள்ளவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வழியாகச் சென்னைக்கு வந்த ஒருவர் ஒரே பயணத்தில் மூன்று முறை கடிகாரம் திருத்தியிருப்பார். இவ்வளவுக்கும் எல்லா இடங்களும் ஏறக்குறைய ஒரே நெட்டாங்கில்தான் இருக்கின்றன.

மீண்டும் ஒன்றேகால் மணி நேரம்

2019 அக்டோபர் 17-ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் ஏடிஆர் விமானம் அங்கே வந்திறங்கியது. நவம்பர் 11 முதல் பயணிகள் சேவை நடந்தது. நான்கு மாதங்களே ஓடிய அச்சேவையை 2020 மார்ச்சில் கொரோனா நிறுத்தியது. பிற விமானத் தடங்கள் மீண்ட பிறகும் இது மீளவில்லை. இலங்கையின் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 2022 டிசம்பர் 12-ல்தான் விமானம் மறுபடி வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோ நிறுவனமும் சென்னை–யாழ்ப்பாணம் சேவையைத் தொடங்கியது. 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் விமானம் வந்தது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் வேறு கப்பலுடன் திரும்பியது. கடல்வழிக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் அது ஓடாது.

பலாலிக்கு வரும் விமானங்கள் எல்லாமே சுழல்விசிறி கொண்ட சிறு விமானங்கள். இதற்குக் காரணம் ஓடுபாதையின் நீளம். ஏடிஆர் 72 போன்றவை 1,300, 1,400 மீட்டர் நீளத்தில் இறங்கி ஏறிவிடும். 180 பேரை ஏற்றும் ஜெட் விமானங்களுக்கு அதைவிட நீண்ட பாதை வேண்டும். எழுபது இருக்கைகளே உள்ள விமானத்தில் பொதியின் எடையும் கட்டுப்படும், கட்டணமும் எளிதில் இறங்காது. இருக்கை கூடினால் கட்டணம் குறையும், அதற்குப் பெரிய விமானம் வேண்டும், அதற்கு நீண்ட ஓடுபாதை வேண்டும்.

நீண்ட ஓடுபாதைக்கு நிலம் வேண்டும். பலாலியைச் சுற்றியுள்ள நிலம் யாருடையது என்பது 1990 முதல் தீராத வழக்கு. போர் முடிந்த பின் வலிகாமம் வடக்குக் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் மக்களிடம் திரும்பியது. ஒரு பகுதி இன்னும் படையினர் வசம் உள்ளது. அதன் உரிமையாளர்களில் பலர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உறவினர் வீடுகளிலும் வாடகை வீடுகளிலும் வாழ்ந்தவர்கள். விமான நிலையம் வளரவேண்டும் என்று யாழ்ப்பாண வணிகர்களும் வெளிநாடுகளில் வாழும் தமிழரும் கேட்கிறார்கள். எங்கள் காணியை முதலில் கொடுங்கள் என்று வலிகாமம் வடக்கு மக்கள் கேட்கிறார்கள். இந்த இரண்டு கோரிக்கைகளையும் சில குடும்பங்களில் ஒரே ஆள் முன்வைக்கிறார். பிள்ளை சென்னையில் படிக்கிறது, தோட்டம் ஓடுபாதைக்குப் பக்கத்தில் வேலிக்குள் கிடக்கிறது.